தக்காளி தின்ற அந்தப் பெரியவர்... உண்மையில் யார்?

பெரிய மண்டபம். ஒரு மேஜை. அதன் முன்னால் கறுப்பு அங்கி அணிந்த ஒரு பெரியவர். தட்டில் கோழிக்கறியும் குட்டிக் குட்டித் தக்காளிகளும். ஒரு தக்காளியைக் கடிக்கிறார். சாறு தாடையில் வழிகிறது. எதிரே நிற்கும் குட்டையான ஹாபிட்டைப் பாடச் சொல்கிறார். பாட்டு தொடங்குகிறது. அதே நேரத்தில் அவருடைய இளைய மகன், திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தே, எதிரிகளை நோக்கிக் குதிரையில் பாய்கிறான்.

2003-ல் வெளியாகி 11 ஆஸ்கர் விருதுகளை அள்ளிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. இயக்குநர் பீட்டர் ஜாக்சன். அந்தப் பெரியவராக நடித்தவர் ஜான் நோபிள். பாத்திரத்தின் பெயர் டெனதோர், கோண்டோர் நாட்டின் ஆட்சியாளர். படம் முடிந்து வெளியே வந்தவர்களிடம் 'யாரைப் பிடிக்கவில்லை?' என்று கேட்டிருந்தால், உலகையே அழிக்கப் பார்த்த சௌரானைவிட இவருக்குத்தான் அதிக வாக்கு விழுந்திருக்கும்.

பெற்ற பிள்ளையைச் சாக அனுப்பிவிட்டு நிதானமாகச் சாப்பிடுகிறவரை யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆனால் ஒரு விஷயம். ஜே.ஆர்.ஆர்.டோல்கீன் எழுதி, 1955-ல் இந்தப் பாகம் வெளிவந்த மூல நாவலில் அந்தத் தக்காளி விருந்தே கிடையாது. அந்தத் தற்கொலைத் தாக்குதலும் கிடையாது. புத்தகத்தில் இருக்கும் டெனதோர் வேறொரு மனிதர். கதையின் மிகக் கெட்டிக்காரர்களில் ஒருவர். கதையிலேயே மிகத் துயரமான முடிவும் அவருக்குத்தான். அவரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சிம்மாசனத்துக்குக் கீழே ஒரு நாற்காலி

முதலில், டெனதோர் மன்னர் அல்ல. 'ஸ்டீவர்ட்'. அதாவது, மன்னர் இல்லாத நாட்டில் மன்னருக்குப் பதிலாக ஆளும் பொறுப்பாளர்.

கோண்டோரின் கடைசி மன்னர் எதிரியின் சவாலை ஏற்று ஒருநாள் குதிரையேறிப் போனார், திரும்பவில்லை. அன்றிலிருந்து பொறுப்பாளர்களின் வம்சம் ஆள்கிறது. அந்த வரிசையில் டெனதோர் 26-வது ஆள். பதவி ஏற்கும் ஒவ்வொருவரும், 'மன்னர் திரும்பி வரும்வரை' இந்தக் கோலைத் தாங்குவேன் என்று உறுதி எடுக்கிறார்கள். மண்டபத்தில் உயரமான சிம்மாசனம் இருக்கிறது. அது காலியாகவே இருக்கிறது. அதன் படிகளுக்குக் கீழே, கறுப்புக் கல்லில் செய்த சாதாரண நாற்காலி. அதுதான் பொறுப்பாளரின் இடம்.

அண்ணனின் பாதுகைகளை அரியணையில் வைத்துவிட்டுக் கீழே அமர்ந்து ஆண்ட பரதன் நம் எல்லோருக்கும் தெரிந்தவன். பரதனுக்கு 14 ஆண்டுகள்தான். டெனதோரின் வம்சத்துக்கு? 969 ஆண்டுகள்! வருவாரா மாட்டாரா என்றே தெரியாத ஒருவருக்காக, தலைமுறை தலைமுறையாகக் கீழ்நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டெனதோரின் மூத்த மகன் போரோமிர் சிறுவனாக இருக்கும்போது கேட்கிறான்: மன்னர் வராவிட்டால், எத்தனை நூறு வருடம் கழித்துப் பொறுப்பாளரே மன்னர் ஆகலாம்? மரியாதை குறைந்த வேறு நாடுகளில் வேண்டுமானால் சில வருடங்களில் ஆகிவிடலாம். கோண்டோரில் பத்தாயிரம் வருடம் போனாலும் முடியாது என்பதுதான் அப்பாவின் பதில். பதவி ஆசை பிடித்தவர் பிள்ளைக்குச் சொல்லும் பதிலா இது?

தீயை ஏற்றியது யார்?

படத்தில் எல்லோரையும் சிலிர்க்க வைத்த இன்னொரு காட்சி உண்டு. ஆபத்து நெருங்கியும் அண்டை நாடான ரோஹனிடம் உதவி கேட்க மறுத்து முரண்டு பிடிக்கிறார் டெனதோர். மந்திரவாதி கண்டால்ஃப், ஹாபிட் பிப்பினை ரகசியமாக மலையேற்றி அபாயத் தீயை மூட்ட வைக்கிறார். ஒரு சிகரத்திலிருந்து இன்னொரு சிகரத்துக்கு நெருப்பு தாவித் தாவிப் போகும். கைதட்டல் பறக்கும் காட்சி.

நாவலில் அந்தத் தீயை மூட்டச் சொன்னவரே டெனதோர்தான். கண்டால்ஃபும் பிப்பினும் தலைநகரான மினாஸ் திரித்துக்கு வந்துகொண்டிருக்கும்போதே ஏழு சிகரங்களிலும் தீ எரியத் தொடங்கிவிடுகிறது. அதோடு நிற்கவில்லை. பழைய ஒப்பந்தத்தை நினைவூட்டும் சிவப்பு அம்பைத் தூதுவன் கையில் கொடுத்து ரோஹன் மன்னர் தியோடனிடம் அனுப்புகிறார். நகரைச் சுற்றியுள்ள விளைநிலங்களைக் காக்கும் நீண்ட மதிலைப் பழுது பார்க்கச் செய்கிறார். பெண்களையும் குழந்தைகளையும் வண்டிகளில் ஏற்றித் தெற்குப் பள்ளத்தாக்குகளுக்கு அனுப்பிவைக்கிறார். தென்மாநிலங்களில் இருந்து படை திரட்டுகிறார். வந்தவர்கள் 3,000 பேர்கூட இல்லை என்பது அவர் தவறு அல்ல. கடற்கொள்ளையரின் கப்பல்கள் தெற்குக் கடற்கரையை நோக்கி வந்ததால், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு வாசலைக் காக்க வேண்டியிருந்தது.

சாப்பாட்டுப் பிரியராகப் படம் காட்டிய அந்த மனிதர், நாவலில் ஒருமுறை தன் அங்கியை விலக்கிக் காட்டுகிறார். உள்ளே இரும்புக் கவசம், இடுப்பில் வாள். முதுமையில் உடம்பு சுகம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகப் பல வருடங்களாகக் கவசத்தோடுதான் நடக்கிறார், கவசத்தோடுதான் தூங்குகிறார்!

அவரை முதன்முதலில் பார்க்கும் பிப்பினுக்கு ஒரு விசித்திரமான எண்ணம் வருகிறது. கண்டால்ஃபைவிட இவர்தான் பெரிய மந்திரவாதிபோல இருக்கிறாரே என்று நினைக்கிறான். கண்டால்ஃபும் அவரைச் சாதாரணமாக எடைபோடவில்லை. தூரத்தில் இருப்பவர்களின் மனதில் என்ன ஓடுகிறது என்பதைக்கூட ஊகிக்கக்கூடியவர், அவரை ஏமாற்றுவது கடினம், ஏமாற்ற முயல்வது ஆபத்து என்கிற ரீதியில்தான் எச்சரிக்கிறார்.

எப்போதும் இரண்டாம் இடம்

இவ்வளவு பெரிய மனிதர் எங்கே சறுக்கினார்? அதற்கு அவர் வீட்டுக் கதையைப் பார்க்க வேண்டும்.

டெனதோரின் அப்பா எக்தெலியன் ஆண்ட காலத்தில், எங்கிருந்தோ ஒரு வீரன் வந்து சேர்ந்தான். தொரோங்கில் என்று அவனை அழைத்தார்கள். ஊர், பெயர், குலம் எதுவும் தெரியாது. ஆனால் போர்க்களத்தில் அவனுக்கு நிகர் இல்லை. கடற்கொள்ளையரின் துறைமுகத்துக்கே போய்க் கப்பல்களைக் கொளுத்திவிட்டு வந்தான். மக்கள் அவனைக் கொண்டாடினார்கள். அப்பாவும் அவனைத்தான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். மக்கள் மனதிலும் அப்பா மனதிலும், டெனதோர் அந்த ஊரான் பிள்ளைக்கு அடுத்த இடத்தில்தான் இருந்தார்.

பிறகு ஒருநாள் அவன் வந்ததுபோலவே போய்விட்டான். அவன் வேறு யாருமில்லை. மாறுவேடத்தில் இருந்த அரகார்ன்! கோண்டோரின் சிம்மாசனத்துக்கு உரிமை உள்ள வாரிசு. எதையும் மோப்பம் பிடித்துவிடும் டெனதோர் இதையும் ஊகித்திருப்பார் என்றுதான் நாவலின் பின்னிணைப்பு சொல்கிறது. அரகார்னும் கண்டால்ஃபும் சேர்ந்து தன்னை ஓரங்கட்டத் திட்டம் போடுகிறார்கள் என்ற சந்தேகம் அவர் மனதில் அப்போதே விழுந்துவிட்டது.

இருவருக்கும் ஒரே ஒரு வயதுதான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். அரகார்னைவிட டெனதோர் ஒரு வருடம் மூத்தவர், அவ்வளவே. ஆனால் கதை நடக்கும் நேரத்தில் அரகார்ன் நடுவயதுக்காரராகத் தெரிகிறார், டெனதோரோ கிழவராகிவிட்டார். அரகார்னின் குலத்துக்கு நீண்ட ஆயுள் உண்டு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், கோபுரத்தின் உச்சியில் இருந்த ஒரு கல்.

கல்லுக்குள் தெரிந்தது

டெனதோரின் மனைவி ஃபின்டுயிலாஸ், கடலோர ஊரில் பிறந்தவள். அலையும் காற்றுமாக வளர்ந்தவளுக்கு அந்தக் கல்கோட்டையும், கிழக்கே எப்போதும் தெரியும் மோர்டோரின் இருளும் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி 12 வருடத்தில் இறந்துபோனாள். அப்போது மூத்தவன் போரோமிருக்கு 10 வயது. இளையவன் ஃபராமிருக்கு 5 வயது.

அதன் பிறகு டெனதோர் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. கோபுரத்தில் தனியே உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். தன் காலத்திலேயே எதிரி வருவான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எதிரி என்ன செய்கிறான் என்று தெரிந்தால்தானே தயாராக முடியும்?

கோபுரத்தின் மேலறையில் பலாந்தீர் என்ற மந்திரக்கல் இருந்தது. உருண்டையான கல். உற்றுப் பார்த்தால் தொலைதூரத்தில் நடப்பது தெரியும். ஆனால் நூற்றுக்கணக்கான வருடங்களாக யாரும் அதைத் தொடவில்லை. காரணம், அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கல் எதிரி சௌரானின் கையில் சிக்கியிருந்தது. இதைப் பார்த்தால் மறுமுனையில் அவன் இருப்பான். மன்னர்களே பயந்து ஒதுக்கிய அந்தக் கல்லை டெனதோர் துணிந்து பார்த்தார்.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் வருகிறது. சௌரான் டெனதோரை மயக்கிவிட்டான், தன் பக்கம் இழுத்துவிட்டான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அப்படி விலைபோனவர் சாருமான் என்ற மந்திரவாதி. அவரும் இதேபோல ஒரு கல்லைப் பார்த்தார். சௌரானின் ஆளாகவே மாறிவிட்டார். மனிதரான டெனதோர் கடைசி நொடிவரை மாறவில்லை. வருடக்கணக்காகச் சௌரானின் மனவலிமையோடு ஒற்றை ஆளாக மல்லுக்கட்டியும் அவனால் அவரை வளைக்க முடியவில்லை. டோல்கீனின் மறைவுக்குப் பிறகு 1980-ல் வெளியான 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்' தொகுப்பிலும் இந்த ஒப்பீடு இருக்கிறது. ஒரு மந்திரவாதியே தோற்ற இடத்தில் ஒரு மனிதர் தாக்குப்பிடித்தார்.

வளைக்க முடியாதவனை என்ன செய்வது? உடைப்பது.

பலாந்தீர் பொய் காட்டாது. சௌரானாலும் அதைப் பொய் காட்ட வைக்க முடியாது. ஆனால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதில் அவன் கை வைக்க முடியும். அவன் அதைத்தான் செய்தான். மோர்டோரில் திரளும் படைகளைக் காட்டினான். அது உண்மை. மேலும் மேலும் வந்து சேரும் கூட்டத்தைக் காட்டினான். அதுவும் உண்மை. கடைசியாக ஆற்றில் மேலேறி வரும் கறுப்புப் பாய்மரக் கப்பல்கள் டெனதோரின் கண்ணில் பட்டன. நூறு சதவிகிதம் உண்மை.

கப்பலுக்குள் இருந்தது யார் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கப்பல்களை ஏற்கெனவே கைப்பற்றி, கோண்டோரைக் காப்பாற்ற விரைந்து வந்துகொண்டிருந்தவர் அரகார்ன்!

இரண்டு அப்பாக்கள்

இதே கதையில் இன்னொரு வயதான ஆட்சியாளர் இருக்கிறார். ரோஹன் மன்னர் தியோடன். எல்லோருக்கும் பிடித்தவர். இந்த இருவரையும் டோல்கீன் எவ்வளவு கவனமாக எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார் என்பது தேதிகளைப் பார்த்தால் தெரியும்.

தியோடனின் ஒரே மகன் போரில் இறந்தது பிப்ரவரி 25. டெனதோரின் மூத்த மகன் போரோமிர் இறந்தது பிப்ரவரி 26. இருவரிடமும் ஒவ்வொரு ஹாபிட் வந்து பணியில் சேர்கிறான். அங்கே மெர்ரி, இங்கே பிப்பின். இருவரும் இறந்ததும் ஒரே நாளில், மார்ச் 15. ஒருவர் போர்க்களத்தில், படைக்கு முன்னால் நின்று. இன்னொருவர் தானே மூட்டிய தீயில்.

ஏன் இப்படி? ஒருவர் நல்லவர், இன்னொருவர் கெட்டவர் என்பதாலா?

தியோடனைக் கெடுத்தது பொய். கூடவே இருந்த ஆலோசகன் ஒருவன், 'உங்களுக்கு வயசாகிவிட்டது, முடியாது, உட்காருங்கள்' என்கிற பாணியில் ஓதி ஓதி அவரை முடக்கிப் போட்டிருந்தான். கண்டால்ஃப் வந்தார், வெளிச்சத்துக்குக் கூட்டிப்போனார், வாளைக் கையில் எடுக்கச் சொன்னார். பொய் உதிர்ந்துவிட்டது. மனிதர் எழுந்துவிட்டார்.

டெனதோரைக் கெடுத்தது உண்மை. 'நீங்கள் பார்த்தது பொய்' என்று எந்தக் கண்டால்ஃபாலும் அவரிடம் சொல்ல முடியாது. அவர் பார்த்த படை இருக்கிறது. அவர் பார்த்த கப்பல் வருகிறது. பொய்யை ஒரே உதறலில் உதறிவிடலாம். பாதி உண்மையை எப்படி உதறுவது?

தியோடனைச் சுற்றி இன்னொன்றும் இருந்தது: ஆட்கள். கூடவே தங்கை பிள்ளைகள், படைத்தலைவர்கள், குதிரையில் பக்கத்தில் வரும் மெர்ரி. டெனதோருக்குக் கோபுரம் மட்டும்தான். பார்த்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒருவரிடம் சொல்லியிருந்தால், 'கப்பல் வருவது சரி, அதில் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா?' என்று அந்த ஒருவர் கேட்டிருக்கக் கூடும். அப்படிக் கேட்கக்கூடிய கண்டால்ஃபை, தொரோங்கில் காலத்துச் சந்தேகத்தால் அவர் எப்போதோ தள்ளி வைத்துவிட்டார். கல்லை எடுத்துப் பார்த்ததைவிட, அதைத் தனியாகப் பார்த்ததுதான் அவருடைய பெரிய பிழை.

டோல்கீன் இதை எழுதியபோது ஸ்மார்ட்போன் கிடையாது. ஆனால் நள்ளிரவில் போர்வைக்குள் ஒரு கண்ணாடித் துண்டை வெறித்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும் கெட்ட செய்திகளைப் பார்த்துப் பார்த்து, 'இனி எதுவுமே சரியாகாது' என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனவர்களுக்கு அந்தக் கோபுர அறை அப்படியொன்றும் அந்நியமான இடம் அல்ல. பார்த்த செய்தி எல்லாம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எதை நம் கண்ணில் காட்டுவது என்பதை வேறு யாரோ முடிவு செய்தால் போதும்.

தன்னைப் போலவே இருந்த மகன்

சரி, ஃபராமிர் விஷயத்துக்கு வரலாம். அதில்தானே எல்லோருக்கும் கோபம்?

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மூத்தவன் இறந்த இடத்தில் இளையவன் இறந்திருக்கலாமே என்று தான் ஆசைப்படுவதை டெனதோர் புத்தகத்திலும் மகனின் முகத்துக்கு நேராகவே ஒப்புக்கொள்கிறார். எந்த அப்பாவும் சொல்லக்கூடாத வார்த்தை.

ஆனால் ஃபராமிரை அனுப்பியது படத்தில் காட்டியதுபோல அர்த்தமில்லாத தற்கொலைத் தாக்குதலுக்கு அல்ல. ஆற்றைக் கடக்கும் எதிரியை ஆஸ்கிலியாத் என்ற பாழடைந்த நகரத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தாமதப்படுத்துவதே திட்டம். சண்டை இல்லாமல் ஆற்றையும் மதிலையும் விட்டுக்கொடுக்க முடியாது என்பது அவர் வாதம். எதிரியின் எண்ணிக்கை மிகப் பெரியது. ஃபராமிரின் படை பின்வாங்கியது. அந்த நேரத்தில் அவர்களை மீட்கக் கோட்டைக்குள் ஒரு குதிரைப்படையைத் தயாராக நிறுத்திவைத்து, சரியான தருணம் வரும்வரை பொறுத்திருந்து, கதவைத் திறந்து அனுப்பியவரும் டெனதோர்தான். இறந்துபோன மனைவியின் சகோதரர் இளவரசர் இம்ராஹில்தான் அந்தப் படையோடு போய் ஃபராமிரைத் தூக்கி வந்தார்.

இதில் மனதைப் பிசையும் இடம் வேறு. கண்டால்ஃப் ஓர் இடத்தில் கவனித்துச் சொல்கிறார். பழைய உயர்குல ரத்தம் டெனதோரிடம் ஏறக்குறைய அப்படியே ஓடுகிறது. இளையவன் ஃபராமிரிடமும் ஓடுகிறது. ஆனால் அவர் உயிராக நேசித்த போரோமிரிடம் அது இல்லை. மனிதர்களை ஊடுருவிப் பார்க்கும் கண், பழைய ஏடுகளில் ஈடுபாடு, அடக்கமான பேச்சு எல்லாவற்றிலும் ஃபராமிர்தான் அப்பாவின் அச்சு. அப்பாவோ தன்னைப் போல இல்லாத பிள்ளையைக் கொண்டாடினார். தன் அப்பாவின் மனதில் இரண்டாம் இடத்தில் நின்று புழுங்கியவர், தன் பிள்ளைகளில் ஒருவனை அதே இரண்டாம் இடத்தில் நிறுத்தினார். செய்கிறோம் என்று தெரியாமலே செய்தார். பல வீடுகளில் நடப்பதுதான்.

காயம்பட்டு, நினைவிழந்து, காய்ச்சலில் கொதிக்கும் ஃபராமிரைத் தூக்கி வந்து கிடத்தியபோது டெனதோர் எதுவும் பேசவில்லை. கோபுரத்தின் ரகசிய அறைக்குப் போனார். கீழே நின்றவர்களுக்குச் சன்னலில் மங்கலான வெளிச்சம் மினுங்கி அணைவது தெரிந்தது. இறங்கி வந்தபோது மகனின் முகத்தைவிட அப்பாவின் முகத்தில் சாவுக்களை அதிகமாக இருந்தது. அதன் பிறகு மகனின் கட்டிலருகே உட்கார்ந்தவர் எழவே இல்லை. கண்ணீர் விட்டார். நன்றியும் சொல்லாமல், ஆசியும் கொடுக்காமல் பிள்ளையை ஆபத்துக்கு அனுப்பிவிட்டேனே என்று பிப்பினிடம் புலம்பினார்.

தசரதனுக்குப் புத்திர சோகம் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். டெனதோருக்கு அந்தச் சோகத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. போரோமிரின் பிளந்த கொம்பை மடியில் வைத்திருந்த நாட்களில்கூட உடையாத மனிதர், ஃபராமிரின் கட்டிலருகேதான் உடைந்தார். அந்த இரண்டாம் மகன் மேல் அவருக்குப் பாசம் இல்லாதிருந்தால் அங்கே உடைந்திருக்க மாட்டார்.

மன்னிக்க முடியாதது

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு டெனதோரை நல்லவர் பட்டியலில் சேர்த்துவிடலாமா? முடியாது. டோல்கீனும் சேர்க்கவில்லை.

நகரத்தின் கீழ்ச்சுற்று பற்றி எரிகிறது. உத்தரவு கேட்டு ஆட்கள் ஓடி வருகிறார்கள். அவர் கைகழுவிவிடுகிறார். ஆட்சியாளர் தன் நாற்காலியைவிட்டு எழக்கூடாத நேரத்தில் எழுந்துவிட்டார். அதைவிடக் கொடுமை, மூச்சிருக்கும் மகனையும் தன்னோடு சேர்த்து எரிக்க விறகு அடுக்கச் சொன்னார். தன் சாவை முடிவு செய்யும் உரிமையே ஆட்சியாளருக்கு இல்லை என்று கண்டால்ஃப் வாதாடுகிறார். அப்படியிருக்க மகனின் சாவை முடிவு செய்ய அவர் யார்?

அதற்கு விலையும் இருந்தது. எஜமானரின் உத்தரவுக்கும் ஃபராமிரின் உயிருக்கும் நடுவே சிக்கிய காவலன் ஒருவன், சக பணியாளர்களையே வெட்ட நேர்ந்தது. போர்க்களத்தில் இருந்திருக்க வேண்டிய கண்டால்ஃப், மகனை அப்பாவிடமிருந்து காப்பாற்ற ஓடி வந்தார். அந்த நேரத்தில்தான் களத்தில் தியோடன் வீழ்ந்தார். ஒரு பெரிய மனிதரின் விரக்தி அவரோடு மட்டும் முடிந்துவிடாது.

படத்தில் டெனதோர் உடம்பெல்லாம் தீப்பற்ற ஓடி, மதில் உச்சியிலிருந்து விழுகிறார். நாவலில் அந்த ஆர்ப்பாட்டம் இல்லை. அதிகாரக் கோலை உடைத்துத் தீயில் எறிகிறார். பலாந்தீர் கல்லை மார்போடு அணைத்தபடி தீயில் படுத்துக்கொள்கிறார். பிறகு அந்தக் கல்லை யார் பார்த்தாலும், மிகுந்த மனவலிமை இருந்தால் ஒழிய, ஒரே காட்சிதான் தெரிந்ததாம்: தீயில் கருகும் இரண்டு கிழட்டுக் கைகள்.

அவர் கல்லை அணைத்துப் படுத்த அந்தக் காலையிலேயே ரோஹனின் குதிரைப்படை வந்து சேர்ந்துவிட்டது. அதே நாளில் கறுப்புக் கப்பல்களும் வந்தன; அவற்றிலிருந்து அரகார்னின் கொடி பறந்தது. ஃபராமிர் பிழைத்துக்கொண்டான். 10 நாட்கள் கழித்து, மார்ச் 25 அன்று, சௌரானே அழிந்தான். டெனதோர் பார்த்த ஒவ்வொன்றும் உண்மை. அவற்றை வைத்து அவர் போட்ட கணக்கு மட்டும் தப்பு.

ஒப்படைக்கப்பட்ட கோல்

மே 1. நகரத்தின் வாசலில் அரகார்ன் முடிசூட வந்து நிற்கிறார். அவர் எதிரே போய் நிற்பது ஃபராமிர். கோண்டோரின் கடைசிப் பொறுப்பாளன் நான், பொறுப்பை ஒப்படைக்கிறேன் என்ற பொருளில் வெள்ளைக் கோலை நீட்டுகிறான். எங்கோ அலைந்து திரிந்த வம்சத்தின் கடைசி வாரிசுக்குத் தலைவணங்க மாட்டேன் என்று அப்பா மறுத்ததை, மகன் செய்து முடிக்கிறான். அரகார்ன் அந்தக் கோலை அவனிடமே திருப்பிக் கொடுக்கிறார்.

எல்லோரும் அரகார்னைப் பார்க்கும் தருணம் அது. ஆனால் அந்த வாசல், அந்த மதில், அதற்குள் திரும்பி வந்துகொண்டிருந்த பெண்கள், குழந்தைகள் எல்லாவற்றையும் 35 வருடம் இரவு பகலாகக் கட்டிக் காத்தவர் ஒருவர் இருந்தார். கவசத்தோடு தூங்கினார். சிம்மாசனம் பக்கத்திலேயே இருந்தும் அதில் ஒருநாளும் ஏறி உட்காரவில்லை. கடைசி ஒருநாளில் எல்லாவற்றையும் கைவிட்டார். அதுவரை எதையும் கைவிடவில்லை.

மன்னர் திரும்பி வந்தபோது, ஒப்படைப்பதற்கு ஒரு நாடு மிச்சம் இருந்ததே... அது டெனதோர் காத்து வைத்தது.